ஊசி போட்ட பிறகு கை தூக்க முடியவில்லையா? நீலகிரியில் இழப்பீடு கேட்பது பற்றிய கேள்வி பதில்கள்

நாய்க்கடிக்கு, இரும்பு குத்தியதற்கு, ஃப்ளூ காய்ச்சலுக்கு என்று புஜத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களில் சிலர், மாதக்கணக்கில் தோளைத் தூக்க முடியாமல் அவதிப்படுகிறார்கள். அவர்களும் வீட்டாரும் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் கீழே. ஒவ்வொருவர் நிலைமையும் வேறு என்பதால், இதைப் படித்தபின் கையிலுள்ள காகிதங்களோடு ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிடுங்கள்.

ஊசி போட்டால் எல்லோருக்கும்தான் கை வலிக்கிறது. இதில் இழப்பீடு எங்கிருந்து வந்தது?

வழக்கமான வலி ஊசி இறங்கிய சதையில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். அதற்கெல்லாம் வழக்குப் போட முடியாது, போடவும் கூடாது.

இங்கே சொல்வது வேறு. ஊசி போட்ட சில மணி நேரத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு நாளுக்குள், மூட்டுக்கு உள்ளே வலி பிடிக்கும். நாளாக ஆகக் குறைவதற்குப் பதிலாகக் கூடும். தலை வாரக் கை எழாது. முதுகுப் பக்கம் கை வளையாது. அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் தூக்கம் போய்விடும். இப்படி வாரக்கணக்கில் நீடித்தால் அது தோள்மூட்டுக் காயம். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக ‘சிர்வா’ (SIRVA, தடுப்பூசி போட்டதால் வரும் தோள் காயம்) என்கிறார்கள். அந்தப் பெயரைச் சொன்னால் எலும்பு மூட்டு மருத்துவருக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று புரியும்.

ஒரு சின்ன ஊசி எப்படித் தோளைக் கெடுக்கும்?

தோளின் உச்சியைத் தடவினால் ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதற்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே, சதை நன்றாகத் தடித்திருக்கும் இடத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். அதைவிட மேலே குத்தினால் சதையைத் தாண்டி, அடியில் மூட்டுக்கு மெத்தைபோல இருக்கும் நீர்ப்பைக்குள் மருந்து போய்விடலாம். தடுப்பூசியின் வேலையே உடலின் எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்புவது. அது சதையில் நடந்தால் நல்லது; நீர்ப்பையில் நடந்தால் வீக்கம், தசைநாண்களில் அழற்சி, சிலருக்கு மூட்டே இறுகிப்போவது வரை கொண்டுபோய் விடும். மிகவும் கீழேயோ பின்பக்கமோ குத்தினால் நரம்பில் படக்கூடும். அப்போது மரத்துப்போவது, மணிக்கட்டு தொங்கிப்போவது போன்ற வேறு அறிகுறிகள் தெரியும். அதற்கும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் அது வேறு வழக்கு, வேறு ஆதாரம்.

மலையில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிசம்பர் காலையில் உதகையிலோ கோத்தகிரியிலோ ஊசி போட வருகிறவரைப் பாருங்கள். உள்ளே பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதற்கும் மேலே கம்பளி ஸ்வெட்டர், பெண்கள் என்றால் சால்வையும் சேரும். கையைச் சுருட்டினால் முழங்கைக்கு மேலே ஏறாது. பின்னால் வரிசை நிற்கிறது. கழற்றக் கூச்சம், குளிர் வேறு. ஆகவே கழுத்துப் பக்கமாக ஸ்வெட்டரை இழுத்து, தோளை மட்டும் வெளியே எடுத்துக் காட்டுகிறார்கள். அப்படி இழுக்கும்போது வெளியே தெரிவது தோளின் உச்சி மட்டும்தான். ஊசியும் அங்கேயே இறங்கிவிடுகிறது. போடுகிறவர் நின்றுகொண்டும் போட்டுக்கொள்கிறவர் உட்கார்ந்துகொண்டும் இருந்தால் குத்து இன்னும் சற்று மேலே போகும். உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் அன்று என்ன உடுத்தியிருந்தீர்கள், யார் எப்படி இழுத்தார்கள் என்பதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள். பின்னால் வரப்போகும் மனுவில் மிகவும் பயன்படும் பத்தி அதுவாகவே இருக்கும்.

நாய்க்கடி ஊசிக்கும் இது பொருந்துமா?

எந்த முறையில் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள்ளேயே 0.1 மில்லிலிட்டர் போடுகிறார்கள். அது தோலோடு நின்றுவிடும். மூட்டுக்குப் போக வழியில்லை. தனியாரிடம் சதையில் போட்டிருந்தால் பொருந்தும். எப்படியானாலும், தோள் வலிக்கிறது என்று நாய்க்கடி ஊசியை நடுவில் நிறுத்திவிடாதீர்கள். மறு கையில் போடச் சொல்லுங்கள். வெறிநோய் வந்தபின் பிழைப்பது அபூர்வம். தோள் வலிக்கு மருந்து உண்டு.

அப்படியானால் தடுப்பூசியே கெட்டது என்று சொல்கிறவர்கள் சொல்வது சரிதானே?

இல்லை. இந்தக் காயத்தில் மருந்து நிரபராதி. தவறு, இருந்தால், ஊசி இறங்கிய இடத்தில் இருக்கிறது. 1907 முதல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனத்தை வைத்துக்கொண்டிருக்கும் மலைக்குத் தடுப்பூசியின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டப்படியும் இந்த வேறுபாட்டில்தான் உங்கள் பலம் இருக்கிறது. ஒரு தடுப்பூசி உடலுக்குக் கெடுதல் செய்தது என்று நிரூபிக்கப் போனால், நிபுணர் குழுக்களும் கம்பெனி வழக்கறிஞர்களும் எதிரே வந்து நிற்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டியதோ ஒரே ஒரு விஷயம்தான்: போட வேண்டிய இடத்தில் போடவில்லை. மனுவில் மருந்துக் கம்பெனியை எதிர்மனுதாரராகச் சேர்த்து, இணையத்தில் படித்ததையெல்லாம் கொட்டுகிறவர்கள் வலுவான வழக்கைத் தாங்களே பலவீனப்படுத்திக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குத் தானாகவே பணம் தருகிறார்களாமே?

தானாக இல்லை, ஆனால் நம்மைவிட எளிது. 1986இல் அங்கே ஒரு சட்டம் வந்து, 1988 முதல் தடுப்பூசிக் காயங்களுக்கென்றே ஓர் இழப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. ஒவ்வொரு ஊசியிலும் அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வீதம் வரி பிடித்து, அந்த நிதியிலிருந்து கொடுக்கிறார்கள். 2017இல் தோள்மூட்டுக் காயத்தையும் அதன் அட்டவணையில் சேர்த்தார்கள். அந்தத் தோளில் முன்பு வலி இருந்திருக்கக் கூடாது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்க வேண்டும். வலியும் அசைவுக் குறைவும் அந்தத் தோளில் மட்டும் இருக்க வேண்டும். வேறு காரணம் இருக்கக் கூடாது. இவை பொருந்தினால் செவிலியர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. பாதிப்பு பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும், முதல் அறிகுறியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர். கோவிட் ஊசிகள் இந்தத் திட்டத்தில் வரவில்லை. அவற்றுக்கு வேறு திட்டம், ஒரே ஆண்டு கெடு.

உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் இது அவர்களுக்குப் பயன்படும். கூடலூரில் போட்டுக்கொண்ட உங்களுக்குப் பயன்படாது. அந்த நான்கு நிபந்தனைகளை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் மருத்துவரிடமும், புகாரை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்திடமும் ‘இந்த ஊசியால்தான் இந்த வலி’ என்று காட்ட அவை நல்ல அளவுகோல்.

இந்தியாவில் அப்படி ஒரு திட்டம் இல்லையா?

எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொதுவாக, தவறை நிரூபிக்காமலே இழப்பீடு தருகிற சட்டம் இங்கே இல்லை. மருந்துப் பரிசோதனையில் சேர்ந்து காயப்பட்டவருக்கு 2019ஆம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன. அது வேறு சங்கதி. கோவிட் ஊசி மரணங்கள் பற்றிய வழக்கில் 2022இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னதன் சாரம், பாதிக்கப்பட்டவர்கள் சிவில் நீதிமன்றத்துக்கோ நுகர்வோர் ஆணையத்துக்கோ போகலாம் என்பது. கேட்க எரிச்சலாக இருந்தாலும், தோள்மூட்டுக் காயக்காரருக்கு இன்று உள்ள வழி உண்மையில் அதுதான்.

தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டேன். எங்கே போவது?

உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவம் ‘சேவை’தான் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மலைவாசிகளுக்கு இரண்டு நல்ல அம்சங்கள் உண்டு. ஒன்று, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாலும் உதகையில் வழக்கு நடத்தலாம். மேட்டுப்பாளையம் இறங்கி ஏற வேண்டியதில்லை. இரண்டு, எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது நீங்கள் கொடுத்த தொகையைப் பொறுத்தது. கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. ஊசிக்கு 2,000 ரூபாய் கொடுத்திருந்து 10 லட்சம் இழப்பீடு கேட்டாலும் வழக்கு மாவட்ட ஆணையத்தில்தான், கட்டணமும் கிடையாது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை.

சட்டம் சில மாதங்களில் தீர்ப்பு என்று சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுக்கணக்கு ஆகும் என்று நினைத்துக்கொண்டே இறங்குங்கள்.

மருந்துக் கடையில் ஊசி போட்டுவிட்டார்கள்...

தகுதியில்லாதவர் போட்டிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. தனக்குத் தகுதியில்லாத மருத்துவ முறையில் சிகிச்சை செய்வதே கவனக்குறைவு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சிரமம் வேறு இடத்தில் வரும்: அங்கே ரசீது தரமாட்டார்கள். கூட வந்தவர், பக்கத்துக் கடைக்காரர், கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு, இவைதான் சாட்சி.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டார்கள். இலவசத்துக்கு என்ன இழப்பீடு என்று கேலி செய்கிறார்கள்.

கேலி செய்கிறவர்களுக்குச் சட்டம் தெரியாது. எல்லோருக்கும் இலவசமாகத் தரும் அரசு மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, உண்மை. ஆனால் அரசு ஊழியரின் கவனக்குறைவுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று 1996இலும் 2000இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே சிவில் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். அதற்கு முன் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி அரசுக்கு அறிவிப்பு அனுப்பி இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் (அரசுக்கு உத்தரவிடும்படி நேரடியாகக் கேட்கும் மனு) போடலாம். ஆனால் ‘சரியான இடத்தில்தான் போட்டோம்’ என்று அரசுத் தரப்பு மறுத்தால், உண்மையை விசாரித்து முடிவுசெய்ய சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். எனவே ரிட்டை மட்டும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

எஸ்டேட் டிஸ்பென்சரியில் போட்டார்கள். நான் ஒரு பைசா கொடுக்கவில்லை.

நீங்கள் கொடுக்கவில்லை, முதலாளி கொடுத்தார். வேலை நிபந்தனையின் ஒரு பகுதியாக முதலாளி ஏற்கிற மருத்துவச் செலவு இலவசம் ஆகாது என்று அதே 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பில் இருக்கிறது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி தர வேண்டியது 1951ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நிர்வாகத்தின் கடமை. அது தானம் இல்லை. ஆகவே நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் தட்ட உங்களுக்கு நல்ல வாதம் இருக்கிறது. வேலைக்கு வர வேண்டுமானால் ஊசி போட்டே ஆக வேண்டும் என்று நிர்வாகம் கட்டாயப்படுத்தியிருந்தால், வேலையின் காரணமாக ஏற்பட்ட காயம் என்று தொழிலாளர் இழப்பீட்டையும் கேட்டுப் பார்க்கலாம். இதில் தொழிற்சங்கத்தையும் வழக்கறிஞரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள். இரண்டு இடத்தில் ஒரே இழப்புக்குப் பணம் வாங்க முடியாது.

எதை நிரூபிக்க வேண்டும்?

மூன்று விஷயம். ஊசி தவறான இடத்தில் போடப்பட்டது; காயம் அதனால் வந்தது; அதனால் எனக்கு இன்ன இழப்பு.

முதலாவதுதான் கடினம். ஊசித் தழும்பு சில நாளில் மறைந்துவிடும். புள்ளியோ சிவப்போ தெரியும்போதே, தோளின் எலும்பு முனையும் சேர்ந்து தெரியும்படி, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஊசி போடும்போது எடுத்த படம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள். தடுப்பூசி போட்டுக்கொள்ளும்போது படம் எடுத்துப் பகிர்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அது இங்கே பயன்படும். எம்.ஆர்.ஐ. படத்தில் நீர்ப்பையிலோ தசைநாணிலோ புதிய அழற்சி தெரிந்தால் அது வலுவான ஆதாரம். சீக்கிரம் எடுத்தால்தான் புதியது என்று சொல்ல முடியும்.

இரண்டாவதில் எதிர்த்தரப்பு சொல்லப்போவது எனக்கு இப்போதே தெரியும்: ‘இவருக்குச் சர்க்கரை இருக்கிறது, சர்க்கரைக்காரர்களுக்குத் தோள் இறுகுவது சகஜம்’ என்பார்கள். பாதி உண்மைதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம் வருகிறது. ஆனால் அது பொதுவாக மெல்ல மெல்ல வரும். ஊசி போட்ட அதே கையில் அன்றிரவே தொடங்காது. அதனால்தான் முதல் மருத்துவச் சீட்டு முக்கியமாகிறது. பல சீட்டுகளில் ‘தோள் வலி’ என்று இரண்டே சொல்லும் ஒரு மாத்திரைப் பெயரும் இருக்கும். ‘இன்ன தேதியில் இடது கையில் தடுப்பூசி, அன்று மாலை முதல் வலி, முன்பு வலி இல்லை’ என்று எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. மூன்று மாதம் கழித்துப் போய் நினைவிலிருந்து சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதி. அரசு மருத்துவமனை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படியும் கேட்கலாம்.

அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா?

கட்டாயம். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய மாவட்ட அளவில் குழு இருக்கிறது. ஊசி போட்ட இடத்தின் மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். இதனால் பணம் வராது. ஆனால் இந்தப் பாதிப்புகளை வகைப்படுத்தும்போது ‘ஊசி போட்டதில் நேர்ந்த பிழை’ என்று ஒரு தனி வகையே இருக்கிறது. உங்கள் பதிவு அந்த வகையில் விழுந்தால், அரசின் காகிதமே உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

எவ்வளவு கிடைக்கும்?

தொகை சொல்லி ஆசை காட்டுகிற வழக்கறிஞரிடம் போகாதீர்கள். பெரும்பாலான தோள்கள் பயிற்சியிலும் மருந்திலும் மெல்லக் குணமாகிவிடுகின்றன. அப்போது கிடைப்பது சிகிச்சைச் செலவு, இழந்த கூலி, வேதனைக்கு ஒரு தொகை. எம்.ஆர்.ஐ.க்குக் கோவை போய்வந்த பஸ் டிக்கெட் வரை எடுத்து வையுங்கள்.

நிரந்தரக் குறை இருந்தால் கணக்கு மாறும். 2010இல் ஒரு விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதமும் சம்பாதிக்கும் திறன் குறைந்த சதவீதமும் ஒன்றல்ல. அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கும், நாளெல்லாம் இரண்டு கையாலும் கத்தரியைப் பிடித்து, பை நிறையக் கொழுந்து வெட்டுகிறவருக்கும் அதே தோள் ஒரே விலை ஆகாது. மாதம் 10,000 ரூபாய் சம்பாதிக்கும் 42 வயதுத் தொழிலாளிக்குச் சம்பாதிக்கும் திறனில் 20 சதவீதம் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இழப்பு 24,000. அந்த வயதுக்கு விபத்து வழக்குகளில் பெருக்கும் எண் 14. ஆக 3,36,000 ரூபாய். மருத்துவ வழக்குகளில் இந்தப் பெருக்கலை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை என்றாலும், பேச்சைத் தொடங்க ஒரு கணக்கு வேண்டுமே.

இதற்கு ஊசிக்கு முந்தைய ஆறு மாதக் கூலிச் சீட்டும் பிந்தைய ஆறு மாதச் சீட்டும் வேண்டும். சிறு தேயிலை விவசாயி என்றால் தொழிற்சாலையில் கொடுத்த கொழுந்துக்கான ரசீதுகள். ஆள் வைத்துப் பறித்திருந்தால் அந்தக் கூலிக் கணக்கும்.

காலக்கெடு?

நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. ஊசி போட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அரசு மீது சிவில் வழக்கென்றால், எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைப் பொறுத்து ஓராண்டு என்றும் வாதம் வரக்கூடும். எனவே ஓராண்டுக்குள் வழக்கைப் பதிவுசெய்துவிடுவது நல்லது. முன் அறிவிப்புக்கான இரண்டு மாதத்தையும் கணக்கில் வைத்துத் தொடங்குங்கள்.

போலீசில் புகார் கொடுக்கலாமா?

வேண்டாம். மருத்துவர் மீது குற்ற வழக்குப் போட மிகக் கடுமையான கவனக்குறைவு இருக்க வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டுத் தீர்ப்பு. விரற்கடை அளவு தவறிய ஊசி அந்த எல்லைக்குப் போகாது. காவல் நிலையப் படியேறினால் பணமும் வராது, சமரசக் கதவும் மூடிவிடும்.

ஊசி போட்டது எங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர். நல்ல அம்மா. வழக்குப் போட்டால் அவர் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தத் தயக்கத்திலேயே பலர் கெடுவைத் தவறவிடுகிறார்கள். ஊழியரின் பிழைக்கு அவரை வேலைக்கு வைத்தவரே பணம் கட்ட வேண்டும் என்பதுதான் பொதுவான விதி. உங்கள் வழக்கு அரசின் மீதோ நிர்வாகத்தின் மீதோ தான். மனுவில் அவரைத் திட்டி ஒரு வரிகூட எழுதத் தேவையில்லை. ஒரே காலையில் அத்தனை பேருக்கும் ஒற்றை ஆளாக ஊசி போட வைத்தார்கள், ஸ்வெட்டரைக் கழற்ற ஒரு திரைச்சீலை கூட மறைவுக்கு இல்லை என்று எழுதுங்கள். அது உண்மையாகவும் இருக்கும், வழக்குக்கும் உதவும். செவிலியர் கவுன்சிலிலோ மருத்துவக் கவுன்சிலிலோ தனியாகப் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு; ஆனால் அங்கே இழப்பீடு தரமாட்டார்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தோடர், கோத்தர், இருளர், பணியர், குறும்பர் அனைவரும் இதில் அடக்கம். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உதகையில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நீதிமன்றம் போகும் முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசவைக்கும்படியும் அங்கே கேட்கலாம். சிறிய தொகை என்றால் அதுவே விரைவான வழி.

கைக்குழந்தைக்கும் இப்படி ஆகுமா?

குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தொடையில் போடுவதால் தோளுக்கு இந்த ஆபத்து இல்லை. பிறந்ததும் புஜத்தில் போடும் பி.சி.ஜி. தோலுக்குள் போடுவது.

நான் கொடைக்கானல். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

சட்டம் ஒன்றுதான், அலுவலகங்கள் மாறும். நுகர்வோர் புகார் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்துக்கு. ரிட் மனு, சென்னையில் அல்ல, மதுரைக் கிளையில். புகாரை இணையம் வழியாகவும் கொடுக்கலாம் என்பதால், முதல் நாளே வத்தலக்குண்டு இறங்க வேண்டிய கட்டாயம் இல்லை.